முழங்காலளவு ஆறு

பெப்ரவரி 2, ஞாயிறு

காலையில் மகன் துவாரகன் பிரம்டனிலிருந்து அழைத்து என் எதிர்காலத்தை எனக்கு அறிவித்தான். அப்பாவின் ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம், முடிந்ததும் இந்த வீட்டை விற்பது. நான் கனடாவின் மறுபக்கம் போய் அவனுடைய வீட்டு நிலக்கீழ் அறையில் குடியேறுவது. அறையில் தனிக் குளியலறை உண்டு. ஜன்னலும் உண்டு என்றான். ஜன்னலை ஒரு கூடுதல் வசதியாகச் சொல்லவேண்டிய அறையைப் பற்றி நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. அந்தக் குளிருக்குள்ள தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?"

"மீன் பிடிக்கப் போறன்."

இப்படிச் சொல்ல நான் யோசித்து வைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு நல்ல பதிலாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் திவசச் சாப்பாடு சைவம். அடுத்த நாள் மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்து, போனவருக்கு விருப்பமானதை வாழையிலையில் படைப்போம். இவர் பனிக்காலச் சனிக்கிழமை எல்லாம் ஸ்டீல்ஹெட் என்ற ஒரே மீனின் பின்னால் அலைந்தவர். ஆகவே இலையில் அந்த மீன்தான் இருக்கவேண்டும். இந்த ஆற்றில் பிடித்ததாக இருக்கவேண்டும். நான் பிடித்ததாக இருக்கவேண்டும். கடைசி நிபந்தனையை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

துவாரகன் சிரித்தான். "சரி, ஒரு ஸ்டீல்ஹெட் பிடிச்சுக் காட்டுங்கோ. பேந்து நான் வீடு விக்கிற கதையே எடுக்கமாட்டன்."

ஓம், பிடிக்கிறன் என்றேன். பின்னால் மருமகளும் சிரித்தது கேட்டது. எனவே சாட்சியும் உண்டு.

பெப்ரவரி 3, திங்கள்

நூலகத்தில் இந்த மீனைப் பற்றி வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் விலங்கியல் படிப்பித்தவள், கணவர் என்ன மீன் பிடித்தார் என்று அவர் போன பிறகு படிக்கிறாள்.

சால்மன் கடலுக்குப் போகிறது, பிறந்த ஆற்றுக்குத் திரும்புகிறது, முட்டையிடுகிறது, சாகிறது. எல்லோரும் மெச்சுகிறார்கள். ஸ்டீல்ஹெட்டும் போகிறது, திரும்புகிறது, முட்டையிடுகிறது. பிறகு சாகாமல் மறுபடியும் கடலுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகும் தனக்கென்று ஓர் அலுவல் இருப்பதாக நினைக்கிற மீன். இதைப் பற்றி எங்கள் சமூகத்தின் கருத்து என்னவென்று எனக்குத் தெரியும்.

சட்டமும் படித்தேன். வளர்ப்பு நிலையத்திலிருந்து ஆற்றில் விட்ட மீனை எடுக்கலாம். ஆற்றிலேயே பிறந்ததைப் பிடித்தால் விட்டுவிடவேண்டும். அடையாளம், முதுகின் பின்பகுதியிலுள்ள சின்னத் துடுப்பு, கொழுப்புச் செட்டை. வளர்த்த குஞ்சுகளுக்கு அதை வெட்டித்தான் விடுகிறார்கள். செட்டை இல்லாவிட்டால் குழம்பு. செட்டை இருந்தால் வணக்கம்.

பெப்ரவரி 5, புதன்

நெற்றிக் காயம் ஆறிவிட்டது. ஜனவரியில் வாசற்படி ஒன்று எதிர்பார்த்ததற்குச் சற்று முன்பாகவே முடிந்ததால் ஏற்பட்டது. துவாரகன் இதை 'அம்மா விழுந்திட்டா' என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறான். பிள்ளைகளுக்கு நுணுக்கம் போதாது.

அனுமதிப்பத்திரம் வாங்கினேன். ஸ்டீல்ஹெட்டுக்கென்று தனி முத்திரையும் வாங்கவேண்டும். கடைப் பெடியன், "பேரனுக்கா?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லியிருந்தால் கதை சுருக்கமாக முடிந்திருக்கும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இவருடைய தமையனார், பெரியத்தான், சறேயிலிருந்து அழைத்தார். துவாரகன் ஓதியிருக்கிறான்.

"தர்மா, நீர் என்ன கதை கதைக்கிறீர்? ஆட்டை முடியேல்லை. அதுக்குள்ள உயிர்க்கொலையோ?"

"நீங்கள் போன கிழமை ஆட்டிறைச்சி வாங்கினதாக் கேள்வி."

"அது வாங்கினது. நாங்கள் மீன் சாப்பிடுற ஆக்கள். பிடிக்கிற ஆக்கள் இல்லை. அது அவை..." இந்த இடத்தில் ஒரு சாதிப்பெயர் அவருடைய வாய்வரை வந்தது. கனடாவில் இருப்பது ஞாபகம் வந்து இருமினார்.

"உங்கட தம்பி பதினொரு வருசம் பிடிச்சவர்."

"அது ஸ்போர்ட்ஸ். ஆம்பிளை செய்தால் பொழுதுபோக்கு. தாலி இறக்கின பொம்பிளை றப்பர்க் காற்சட்டையோட ஆத்துக்க நிண்டால் ஆக்கள் என்ன சொல்லுவினம்? அப்பிடி மீன்தான் வேணுமெண்டால் உந்த அன்ரனைக் கேளும். அவைக்குத் தெரியும்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவர் அந்த இடைவெளியைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"உந்த ஆறு என்ர தம்பியைக் கொண்டு போனது காணாதே உமக்கு?"

திருத்தம்: ஆறு கொண்டுபோகவில்லை. மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது இருதயம் நின்றது. ஆறு அந்த இடத்தில் முழங்காலளவு. மரணச் சான்றிதழில் ஆறு குறிப்பிடப்படவில்லை. இதைப் பெரியத்தானுக்கு விளக்கிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

மாலை மல்லி வறுத்து அரைத்தேன்.

பெப்ரவரி 13, வியாழன்

அன்ரனைக் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். இந்த ஊரிலுள்ள தமிழர் எல்லோருடைய வருமான வரியும் அவன் கையில். தகப்பன் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர். ஆகவே கனடா முழுவதும் அன்ரனிடம் மீன் பற்றித்தான் கேட்கிறார்கள்.

"அக்கா, நான் கணக்காளர்," என்றான். சோர்வான குரல். "வள்ளத்தில ஏத்தின முதல் நாளே சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தனான். அப்பு கரையில இறக்கி விட்டிட்டு, நீ படிக்கப் போடா எண்டு கலைச்சவர். எனக்கு மீன் மணமே ஒத்துவராது."

"தெரியாதெண்டு ஆக்களுக்குச் சொன்னால் என்ன?"

"சொன்னால் அடக்கமாம்."

இருந்தாலும் கார் ஓட்டுவதற்கு வருகிறேன் என்றான். நான் தனியே போகக்கூடாதென்று துவாரகன் அவனிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறானாம். என் மகன் நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு எனக்குக் காவல் போட்டிருக்கிறான். அன்ரன் காவலுக்குப் பொருத்தமான ஆள். என்னைக் கண்டால் பயப்படுவான்.

பெப்ரவரி 16, ஞாயிறு

கார் விடுகிற கராச்சிலிருந்து இவருடைய சாமான்களை இறக்கினேன். மார்பளவு நீர்க் காற்சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது. மூன்று சோடிக் காலுறையும் இடுப்பில் ஒரு பட்டியும் தேவைப்பட்டன. மற்றபடி சரி.

தூண்டில் பெட்டி இவருடைய மூளையைப் போலவே இருந்தது. எல்லாம் உண்டு, எதுவும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. இந்த மீனுக்குப் புழு வைப்பதில்லை. இறகும் நூலும் மினுக்கமும் சேர்த்துக் கட்டிய பூச்சி. கலியாண வீட்டுக்குப் புறப்பட்டது போன்ற பூச்சிகள் ஏராளம். ஊதாவில்தான் அதிகம். இவ்வளவு அலங்காரம் செய்யத் தெரிந்தவர் சட்டைப் பொத்தான் தைக்க என்னிடம் வந்தார்.

தடி இரண்டு கையால் பிடிக்கிற நீளத் தடி. பின்வளவில் எறிந்து பழகினேன். இணையத்தில் ஒருவர் படம் போட்டுக் காட்டுகிறார். கைகள் தெளிவாகத் தெரிகின்றன. கால்களைக் காட்டவில்லை. கால்களில் என்ன இருக்கப்போகிறது.

முதல் எறியில் பக்கத்து வீட்டுக்காரரின் உடுப்புக் கொடியில் ஓர் உள்ளாடை சிக்கியது. வேலிக்கு மேலால் திருப்பிக் கொடுத்தேன். இருவரும் காலநிலையைப் பற்றிப் பேசினோம்.

பெப்ரவரி 21, வெள்ளி

மழை. ஆறு கலங்கல் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. மிளகாய் வறுத்தேன். கண் எரிந்தது. மிளகாயால்தான்.

பெப்ரவரி 27, வியாழன்

கொடியில் இப்போது ஒன்றும் சிக்குவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிட்டார்.

துவாரகன் ஒரு வீட்டு முகவரின் பெயரை அனுப்பியிருக்கிறான். 'சும்மா கதைச்சுப் பாருங்கோ' என்று எழுதியிருந்தான். நானும் சும்மா அழித்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

அன்ரன் விடிய முன்பே வந்துவிட்டான். முகக்கவசம் போட்டிருந்தான்.

"இது எதுக்கு?"

"மீன் மணத்துக்கு அக்கா."

"மீன் இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கு தம்பி."

"எனக்கு நினைச்சாலே மணக்கும்."

ஆற்றின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஊர் மீன்பிடிகாரர்கள் ஆற்றின் பெயரைச் சொல்வதிலும் பார்க்க வங்கி அட்டையின் இரகசிய எண்ணைச் சொல்லிவிடுவார்கள். நானும் இப்போது அவர்களில் ஒருத்தி. பாலம் தாண்டியதும் அன்ரன் வானொலியை நிறுத்தினான்.

"அக்கா, இடம் தெரியுமோ?"

"காரை விடுற இடத்திலயிருந்து ஒற்றையடிப் பாதை. பாதை முடியிற இடத்தில ஆறு. இவர் சொல்லியிருக்கிறார்."

"நான் போன வருசம் வந்தனான்," என்றான். காரிலேயே இருப்பதாகச் சொல்லிக் கிரிக்கெட் கேட்கத் தொடங்கினான்.

பாதை முடிந்த இடத்தில் சரளைக் கற்கள், பிறகு தண்ணீர். யாருமில்லை. நான்தான் முதல் ஆள். முழங்காலளவில் நின்று எறிந்தேன். நூல் ஆற்றுக்குக் குறுக்கே விழுந்து, நீரோட்டத்தில் வளைந்து, மெதுவாகக் கரைப்பக்கம் வந்து சேர்ந்தது. திருப்பி இழுத்து மறுபடி எறிந்தேன். குளிர் காற்சட்டைக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வர அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் தாடி வைத்த ஒருவர் தடியோடு வந்தார். கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. எனக்குப் பின்னால் கரையில் நின்றார். பிறகு இன்னொருவர் வந்தார். பிறகு மூன்றாமவர். எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

வரிசை என்று விளங்கிவிட்டது.

வரிசை எனக்குத் தெரிந்த விடயம். போரில் பொருட்களுக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்றிருக்கிறேன், சவர்க்காரத்துக்கு நின்றிருக்கிறேன், என்னத்துக்கென்று தெரியாமலே நின்று கடைசியில் நெருப்புப்பெட்டி வாங்கி வந்திருக்கிறேன். வரிசையின் சட்டம் ஒன்றுதான். உன் அலுவல் முடியும்வரை இடத்தை விடாதே. பின்னால் நிற்பவனின் முகத்தைப் பாராதே, இரக்கம் வந்துவிடும். ஆகவே நான் திரும்பவில்லை. ஒரே இடத்தில் நின்று, ஒரே இடத்துக்கு எறிந்துகொண்டிருந்தேன். அலுவல் முடியவில்லை. மீனுக்கும் அவசரமில்லை.

ஒருமுறை மட்டும் நூல் சிக்கியதால் திரும்பவேண்டி வந்தது. மூவரும் ஒரு மரக்குற்றியில் அமர்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கோபமில்லை. கனடாக்காரரின் பொறுமையைப் பற்றி நான் வாசித்ததெல்லாம் உண்மை என்று நினைத்தேன். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அந்தக் குளிரில் ஏன் என்று விளங்கவில்லை.

வெயில் மரங்களுக்கு மேலே வந்தபோது அன்ரன் இறங்கி வந்தான். அவர்களோடு ஏதோ பேசினான். பிறகு தண்ணீர் ஓரத்துக்கு வந்து முகக்கவசத்தைக் கீழே இழுத்தான்.

"அக்கா, இஞ்சை நிண்ட இடத்தில நிக்கிறேல்லையாம்."

"ஏன்? நான்தான் முதல் வந்தனான்."

"ஓம். ஆனால் ஒருக்கா எறிஞ்சு, ரெண்டு அடி கீழ போய், திருப்பி எறிஞ்சு, அப்பிடியே கீழ கீழ போகோணுமாம். பின்னால வாற ஆள் அடுத்தடுத்து மேல இறங்குவாராம். எல்லாரும் ஒருக்காச் சுத்தி வாறது. கோயில் வீதி மாதிரி."

படத்தில் கால்களைக் காட்டாததன் விளைவு. முகம் சூடேறியது.

"இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை? வாயில என்ன கொழுக்கட்டையே?"

அன்ரன் தன் சப்பாத்தைப் பார்த்தான். அலுவலகத்துக்குப் போடுகிற கறுப்புச் சப்பாத்து.

"நீங்கள் ஆரெண்டு அவைக்குத் தெரியுமக்கா. அண்ணையின்ர காற்சட்டையை அடையாளம் கண்டிட்டினம்." பிறகு, "அண்ணை விழுந்த இடம் இதுதான். நீங்கள் அதுக்குத்தான் நிக்கிறியள் எண்டு நினைச்சினம்," என்றான்.

தண்ணீர் முழங்காலளவு. அடியில் பச்சையும் சாம்பலுமான கற்கள். வலதுகால் பக்கம் ஒன்று மட்டும் வெள்ளை, ஒரு சின்னத் தேங்காய் அளவு. நீரோட்டம் பெரிதாக இல்லை. இதைத் தவிர அந்த இடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அன்ரனும் சப்பாத்தோடு தண்ணீருக்குள் வந்து நிற்கிறான் என்பதை நாங்கள் இருவரும் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தோம்.

கரைக்குப் போனேன். மூவரும் எழுந்து நின்றார்கள். முகங்களில் ஒரு வருடமாக எனக்குப் பழக்கமான பார்வை. வங்கியில், மருந்துக்கடையில், கோயிலில், எங்கேயும் எனக்காகத் தலையைச் சற்றுச் சரித்து வைக்கிற பார்வை.

"மன்னிக்கவேண்டும்," என்றேன் ஆங்கிலத்தில். "நான் இதை மண்ணெண்ணெய் வரிசை என்று நினைத்துவிட்டேன்."

விளக்கவேண்டி வந்தது. விளக்கினேன். நெருப்புப்பெட்டிக் கதையையும் சொன்னேன். தாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கலாமா என்று அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அவர் பெயர் ரஸல். மரம் ஏற்றும் லொறி ஓட்டுகிறார். அன்று இவரைத் தண்ணீரிலிருந்து தூக்கியவர் அவர்தான். இதை அவராகச் சொல்லவில்லை. அன்ரன் சொன்னான்.

"உங்கள் கணவர் நல்ல மீன்பிடிகாரர்," என்றார் ரஸல்.

"இல்லை. பொறுமையான மீன்பிடிகாரர்."

ரஸல் யோசித்துப் பார்த்தார். "அதுதான் சரி," என்றார்.

பிறகு முறைப்படி செய்தோம். நான் முதலில் இறங்கினேன். எறி, காத்திரு, இரண்டு அடி. எறி, காத்திரு, இரண்டு அடி. எனக்கு மேலே ரஸல், அவருக்கு மேலே மற்றவர்கள். அன்ரன் கரையோரமாக என்னோடு சமாந்தரமாக நடந்தான். ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்து ஒரு சத்தம் போட்டது.

ஆறு அகன்று ஆழம் குறைகிற இடத்தில், நூல் வளைந்து முடியப்போகிற நேரம், யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்படித்தான் இருந்தது. நூல் சுற்றிய சுருளி கத்தியது. நடு ஆற்றில் வெள்ளியாக ஒன்று முழு உடம்போடு எழும்பி, என்னைப் பார்த்துவிட்டு விழுந்தது.

"தடியை உயர்த்தாதே!" என்றார் ரஸல்.

"உயர்த்துங்கோ, உயர்த்துங்கோ!" என்றான் அன்ரன்.

நான் இருவர் சொன்னதையும் கேட்கவில்லை. தடியை வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டு பின்பக்கமாகக் கரையை நோக்கி நடந்தேன். மீன் மூன்று முறை கடலுக்குப் போகப் புறப்பட்டது. மூன்று முறையும் அனுமதி மறுத்தேன். இடது முழங்கால் ஏதோ சொன்னது. அதையும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அது பக்கவாட்டாகச் சாய்ந்து கணுக்காலளவு தண்ணீருக்கு வந்தது. ரஸல் வாலைப் பிடித்தார். நான் தண்ணீரில் முழங்காலிட்டேன்.

என் கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் மங்கலான ஒரு ரோஸ் கோடு. மூடத் தெரியாத கண். முதுகின் பின்பகுதியில் கட்டைவிரல் நகமளவு, மெத்தென்ற, ஒன்றுக்கும் உதவாத ஒரு செட்டை. முழுதாக இருந்தது.

சட்டம் எல்லோருக்கும் தெரியும். கதையும் அன்ரன் சொல்லிவிட்டிருக்கிறான் போல. படையல், பந்தயம், வீடு, எல்லாம்.

ரஸல் மலைப் பக்கம் திரும்பினார். "இன்று மூடுபனி அதிகம்," என்றார். "எங்கள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை." மலையில் பனி ஒரு துளியும் இல்லை. மற்ற இருவரும் அதே மலையைப் பார்த்தார்கள்.

அன்ரன் அந்த மலையைப் பார்த்தபடியே குனிந்தான். "எடுங்கோ அக்கா. நான் கணக்கில காட்டமாட்டன்."

உண்மையை எழுதுகிறேன். எடுக்க விரும்பினேன். ஒரு கல் போதும். இலையில் மீன், கையில் வீடு, பெரியத்தானின் வாய்க்கு ஒரு பூட்டு. சட்டத்தை மதித்து நான் தயங்கவில்லை. நாங்கள் சட்டங்களை நிறையப் பார்த்தவர்கள். ஆனால் நான்கு ஆண்கள் எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ஒரு வருடமாக எல்லோரும் எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். பேருந்துக்குச் சில்லறை குறைந்தால் சாரதி பார்க்கவில்லை. சங்கக் கூட்டத்தில் நான் சொன்ன புள்ளிவிபரம் பிழை, யாரும் திருத்தவில்லை. தர்மாவதி பாவம். இந்த மீனும் அந்தப் பாவத்தின் கணக்கில்தான் வரும்.

"தயவுசெய்து இந்தப் பக்கம் திரும்புங்கள்," என்றேன். "நான் இதை விடப்போகிறேன். பார்த்துக்கொள்ளவேண்டும்."

திரும்பினார்கள். கொழுக்கியைக் கழற்றினேன். மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். அது மூச்சு வாங்கியது. நானும்தான். பிறகு என் கையை ஒருமுறை உதறியது. வீடு வாலை ஆட்டிக்கொண்டு போனது.

"நல்ல மீன்," என்றார் ரஸல், என் முகத்தை நேராகப் பார்த்து. தலையைச் சரிக்கவில்லை.

"தெரியும்," என்றேன். வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் கடிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

தோளில் வலி எதுவும் இல்லை. இடது கையால் எழுதுவது பழக்கத்துக்காக.

மார்ச் 8, சனி

திவசம் நடந்தது. துவாரகன் நேற்றே வந்துவிட்டான். ஐயர் தாமதமாக வந்து வேகமாக முடித்தார். பெரியத்தான் குடும்பம் ஒரு பெட்டியில் சால்மனோடு வந்து இறங்கியது. நாளைக்கு என்றார். அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். எல்லோரும் என்னிடம் கேட்க ஒரு கேள்வியோடு நின்றார்கள். சைவ நாளில் மீனைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இறால், கணவாய், நண்டு, முட்டை, பெரியத்தானின் சால்மன். இவருக்குச் சால்மன் பிடிக்காது. வந்த மீனை அவமதிக்கக்கூடாது என்பதற்காகப் புளி கூடுதலாக விட்டுச் சமைத்தேன். படைத்தோம். கற்பூரம் காட்டினோம். சாப்பிட உட்கார்ந்தபோது துவாரகன் தொண்டையைச் செருமினான்.

"அப்ப... மீன் கிடைக்கேல்லை."

"கிடைச்சது. விட்டிட்டன்."

பெரியத்தானின் கை நண்டுக் காலில் நின்றது. "விட்டதோ? நாங்கள் பிடிக்கிற ஆக்களே இல்லை. இப்ப விடுற ஆக்களோ?"

"நான் கண்டனான் ஐயா," என்றான் அன்ரன். அவன் தட்டில் முட்டையும் கத்தரிக்காயும் மட்டும். "இவ்வளவு நீளம்." கைகளை விரித்தான். ஒரு கணக்காளர் தொகையைக் கூட்டிக் காட்டுவதை முதல்முறை பார்த்தேன். மீன் அதில் பாதிதான்.

பெரியத்தான் அன்ரனைப் பார்த்தார். "உமக்குத் தெரியும்தானே, நீர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்று நண்டுக்குத் திரும்பினார். அன்ரன் மறுக்கவில்லை. முதல்முறையாக அவனுடைய பரம்பரை எனக்கு உதவியது.

"அம்மா," என்றான் துவாரகன். "மீனைக் கொண்டுவந்து காட்டினால்தான் வீடு விக்கிறேல்லை எண்டு கதை. நீங்களும் ஓம் எண்டியள்."

"தம்பி, இந்த வீடு ஆருடையது?"

"அப்பான்ரையும் உங்கடையும்."

"அப்பா போயிட்டார். அப்ப ஆருடையது?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"என்ர வீட்டைப் பந்தயம் வைச்சு நீ என்னோட விளையாடினாய். நானும் விசரி மாதிரி என்ர வீட்டுக்காக ரெண்டு கிழமை எறிஞ்சு பழகினன். பந்தயம் பிடிக்க ஆசையெண்டால் உன்ர பிரம்டன் வீட்டை வை. நான் தோத்தால் ஒண்டுமில்லை. நீ தோத்தால் எல்லாரும் இஞ்சை வாங்கோ."

மருமகள் சிரித்துவிட்டாள். பிறகு தண்ணீர் குடித்தாள். பெரியத்தான், "கதையைப் பார்," என்றார் நண்டிடம்.

துவாரகன் சிரிக்கவில்லை. "நீங்களும் அந்தத் தண்ணிக்குள்ள விழுந்தால் நான் என்ன செய்யிறது அம்மா?" என்றான். முப்பத்தொன்பது வயதுக்குப் பொருந்தாத குரல். போன வருடம் விமான நிலையத்திலிருந்து நேராக வைத்தியசாலைக்கு வந்து, கதவில் நின்று, "எங்கை?" என்று கேட்ட குரல்.

கேள்வி நியாயமானது. அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

"விழுந்தால் ஆராவது தூக்குவினம்," என்றேன். "அப்பாவைத் தூக்கினவர் இப்பவும் ஒவ்வொரு சனியும் அங்கதான் நிக்கிறார். உன்ர வீட்டு அறையில விழுந்தால் நீ வேலையால வந்துதானே தூக்கோணும்."

"படியில விழுந்ததையே நீங்கள் எனக்குச் சொல்லேல்லை. அன்ரன் சொல்லித்தான் தெரியும்."

"விழுந்தனான்தான்," என்றேன்.

இதை இதுவரை எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். தட்டிலிருந்த சோற்றை முடித்தான். பிறகு, "மீன் பெரிசோ?" என்று கேட்டான்.

நான் கைகளை விரித்துக் காட்டினேன். அன்ரன் காட்டியதிலும் சற்றுக் கூடுதலாக.

மார்ச் 15, சனி

ஆறு. ஒன்றும் கடிக்கவில்லை. ரஸல் என் முடிச்சைப் பார்த்து, இது முடிச்சே இல்லை என்றார். எரிச்சலாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

பெரியத்தான் அழைத்தார். சறேயில் ஆக்கள் கதைக்கினமாம். என்ன கதைக்கினம் என்று கேட்டேன். "மீன் எவ்வளவு பெரிசெண்டு," என்றார் வெறுப்போடு.

மார்ச் 22, சனி

நேற்றுத் துவாரகனிடமிருந்து ஒரு பொதி. ஆற்றுச் சப்பாத்தின் அடியில் பூட்டுகிற ஆணிகள், வழுக்காமல் நிற்க. கூடவே தொலைபேசியில் ஒரு செய்தி: 'இதைப் போடாமல் ஆத்துக்க இறங்கினால் வீட்டை விப்பன்.' பிள்ளை இன்னும் தன்னுடைய வீடு என்றுதான் நினைக்கிறான்.

விடிய எழும்பிப் பூட்டிப் பார்த்தேன். நன்றாகப் பிடிக்கின்றன. சமையலறையில் இரண்டடி வைத்ததும் மரத்தளத்தில் நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது. இதைப் பார்த்தால் எந்த முகவரும் விலையைப் பாதியாக்கிவிடுவார்.

வெளியே அன்ரன் ஹோர்ன் அடித்தான். பொறு என்று குரல் கொடுத்துவிட்டு, முன்னறைக்குப் போய், அங்குள்ள மரத்தளத்திலும் ஆணிச் சப்பாத்தோடு சுவரோரமாக ஒருமுறை சுற்றி நடந்தேன். பிறகு புறப்பட்டேன்.